வெண்ணெய் தடவாத கை

"ஓ.டி.க்கு எழுதிக்கீறாங்கடா" என்று சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வேலூரில் ஒரு மருத்துவமனையின் வராந்தா. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டை இடது கையில் கசக்கிப் பிடித்திருந்தாள். பக்கவாதம் வந்து அன்றைக்கு 19-ஆம் நாள். மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்றே இரண்டு பேரும் நினைத்துவிட்டோம். நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த ஓ.டி. ஓவர்டைம். அம்மாவுக்குத் தெரிந்தது ஆபரேஷன் தியேட்டர். அட்டெண்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த ஓ.டி. இல்லம்மா. கைக்கு வேலை கத்துக் குடுப்பாங்களே, அது."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வேலை வாங்கித் தருவாங்களா?"

இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். தொழில் என்றதும் நமக்குச் சம்பளம்தான் ஞாபகம் வருகிறது. அந்தத் துறையின் கணக்கு வேறு. பல் துலக்குவது தொழில். தலை வாருவது தொழில். பேரனுக்குப் பித்தான் போட்டுவிடுவது, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குப் போவது, திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது, இப்படி ஒரு ஆளின் பொழுதை நிரப்புகிற எல்லாமே தொழில். 1917-இல் அமெரிக்காவில் சங்கமாகத் திரண்ட துறை இது. நம் நாட்டில் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் முதல் பள்ளியைத் தொடங்கினார். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் மனதில் ஓடியதெல்லாம் ஒரு நாள் சம்பளம் போச்சே என்பதுதான்.

எங்கள் ஊர் குடியாத்தம். அம்மா 35 வருடம் பீடி சுற்றியவள். இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்திலிருந்து வருகிற இலை. அதைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றிப் பதமாக வைத்திருக்க வேண்டும். தகரத்துண்டு ஒன்றை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். அப்புறம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் இலை, வலது கையால் ஒரு சிட்டிகை தூள், இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து ஒரு உருட்டு, நூலால் ஒரு சுற்று, மேல்வாயை நகத்தால் மடித்து ஒரு அழுத்து. முறத்தைப் பார்க்காமலே, டிவியைப் பார்த்துக்கொண்டோ எதிர்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டோ, ஒரு நாளைக்கு 700, 800 சுற்றுவாள். 25 சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் பி.காம். முடித்தது அந்த முறத்தில்தான்.

2022 மாசியில் ஒரு மத்தியானம், "இலை நழுவினே போவுதுடி" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். ஈரம் அதிகம் போல என்று அந்த அக்காவும் வேறு இலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் நழுவியது. மூன்றாவது இலையில் வாய் கோணியது.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோ மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கையை மேலே தூக்கு, கீழே இறக்கு, பத்து எண்ணு. ரப்பர் பந்தை அமுக்கு. கரண்ட் வைத்து ஒரு சுண்டு. குறை சொல்ல வரவில்லை. தோளை அசைத்துவிடாமல் இருந்திருந்தால் அது அப்படியே இறுகிப் போயிருக்கும் என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் அங்கே வேண்டியிருந்தது கை மட்டும்தான். பஞ்சர் கடையில் டியூபைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி கையை நீட்ட வேண்டும், முடிந்ததும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரி யார், அந்தக் கை இத்தனை வருடம் என்ன செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. (இடையில் புறா ரத்தம் தடவச் சொல்லி வந்த உறவினர்களின் கதை தனி. இரண்டு புறா கூண்டோடு வீட்டுக்கே வந்துவிட்டது. என் பையன் அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் அவை பிழைத்தன.)

ஓ.டி. அறையில் இருந்த பெண்ணுக்கு 25 வயதுதான் இருக்கும். அம்மாவின் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையைத் தொடவே இல்லை. "வாதம் வந்ததுக்கு முந்தின நாள் இருக்குல்ல, அன்னைக்குக் காலையில எத்தினி மணிக்கு எழுந்தீங்க? அதுல இருந்து சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மாவுக்குப் பேச்சு இன்னும் குழறிக்கொண்டுதான் இருந்தது. நாலரைக்கு எழுந்தேன் என்று தொடங்கி, வாசல் தெளித்தது, கோலம் போட்டது, தண்ணீர் பிடித்தது, இட்லிக்கு ஊற்றியது, பேரனைக் குளிக்க வைத்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தார். 40 நிமிடம். நான் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குடியாத்தத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கதை கேட்கிறார்களே என்று எரிச்சல்.

அப்புறம் அம்மா சொன்னாள்: "வெள்ளிக்கிழமைன்னா மூணாவது வீட்டு ஆயாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, சிக்கெடுத்து வாரி வுடுவேன். அதுக்குக் கண்ணு தெரியாது."

எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறேன், 43 வருடமாக அவள் பிள்ளை. எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை வருடமாக என்று கேட்டால் அவளுக்கே கணக்கு இல்லை. அவளால் என்ன முடியும் என்று என்னைக் கேட்டிருந்தால் "சமைப்பாங்க, பீடி சுத்துவாங்க" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன். இன்னொருவரின் தலைச் சிக்கை வலிக்காமல் எடுக்கிற கை அது என்று அன்றைக்கு அந்த அறை ஓரத்தில்தான் தெரிந்தது.

கடைசியாக அவர் ஒரு தாளை எடுத்தார். பார்த்தெல் அளவுகோல் என்று பெயர். 1965-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃப்ளாரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரத்தியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் வெளியிட்டது. சாப்பாடு, குளியல், தலை வாரி முகம் கழுவுவது, உடை, மலம், சிறுநீர், கழிவறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடை, படிக்கட்டு என்று பத்து விஷயம். மொத்தம் 100 மதிப்பெண். அன்றைக்கு அம்மாவுக்கு 45. "நான் பத்தாவது கணக்குல வாங்கினதே இவ்ளோதான்" என்றாள். வாதத்துக்கு அப்புறம் அவள் அடித்த முதல் ஜோக்.

நான் அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவனுக்கு எண் என்றால் ஒரு பிடிப்பு. பிற்பாடு அதன் விளக்கத்தைத் தேடிப் படித்தேன். சாப்பாட்டுக்கு 10 மதிப்பெண். உணவை வெட்டித் தரவோ வெண்ணெய் தடவித் தரவோ ஆள் வேண்டியிருந்தால் 5. வெண்ணெய்! எங்கள் வீட்டில் யாரும் எதிலும் வெண்ணெய் தடவியதில்லை. ரசத்தைச் சோற்றில் பிசைந்து, வழியாமல் அள்ளி, வாய்க்குக் கொண்டுபோவதுதான் எங்கள் கஷ்டம். சரி, அமெரிக்காவில் எழுதியவர்கள் ரசத்தை எப்படி அறிவார்கள். அதற்காக அந்தத் தாளைத் தூக்கிப் போடவும் முடியாது. ஒரு ஆள் எங்கே நிற்கிறார் என்று உலகத்தில் எந்த ஊர் மருத்துவரிடமும் ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். ஆனால் எண் ஏறிக்கொண்டே போனபோது என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் என் மனைவியும் போட்டி போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டோம். எழுந்தால் பிடிப்போம். கேட்பதற்குள் தண்ணீர். ஊட்டிவிடுவோம். தெருவே மெச்சியது. அடுத்த முறை போனபோது அந்தப் பெண் அம்மாவின் முன்னால் ஒரு சொம்பை வைத்து, எடுக்கச் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கை தானாக நீண்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். "அண்ணா, அவங்க இதை எடுக்க மூணு நிமிஷம் ஆவும். அந்த மூணு நிமிஷமும் நீங்க கையைக் கட்டிக்கினு நிக்கணும். இது உங்களுக்கு எக்சர்சைஸ்."

என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான உடற்பயிற்சி அதுதான். சொம்பு இரண்டு முறை உருண்டது. விரல்கள் நண்டு மாதிரி வந்து வந்து திரும்பின. என் மனைவி வெளியே போய்விட்டாள். வாதம் வந்த கையைத் தொடக்கத்தில் பயன்படுத்தித் தோற்றுத் தோற்று, மூளை அந்தக் கையையே ஒதுக்கிவைத்துவிடப் பழகிக்கொள்ளும் என்று எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். வீட்டில் இருக்கிற நாமும் அதற்குத் துணை போகிறோம். பாசம் என்று நினைத்துக்கொண்டு.

குளியலறைக்கு வருகிறேன். ஆடி மாதம் அம்மாவின் மதிப்பெண் 90. படிக்கட்டில் 5 குறைவு, குளியலில் 5-க்கு 0. எல்லாம் செய்கிறாளே, குளியலில் ஏன் சைபர்? என் மனைவி உள்ளே நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இடது கையால் உடம்பு முழுக்கச் சோப்பு போட்டுக்கொள்கிறாள். அந்த இடது கைக்குச் சோப்பு போட ஆள் இல்லை. வாதம் வந்த கை சுத்தமாக இருந்தது, நல்ல கை அழுக்காக இருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒற்றைக் கையால் அந்தக் கையையே எப்படித் தேய்ப்பீர்கள்?

தெரபிஸ்ட் சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார். சோப்பு போட்ட துண்டைத் தொடை மேல் விரித்துக்கொள்ள வேண்டும். கையைத் துண்டின் மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். துணி நகராது, கைதான் நகரும். அவ்வளவுதான். கூடவே வாளியில் பாதித் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பிடித்துக்கொள்ள ஜி.ஐ. பைப். தெருமுனை வெல்டர் பைப்பை வளைத்துக் கொடுத்துவிட்டு, "எங்க நைனாவுக்கும் ஒண்ணு போடணும்" என்று அளவைக் குறித்துக்கொண்டார். ஜாக்கெட் கொக்கிக்குப் பதில் ஒட்டுகிற பட்டை. பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். போடும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். அம்மாவின் உடம்பில் எதுவும் புதிதாகச் சரியாகிவிடவில்லை. வீடுதான் கொஞ்சம் வளைந்துகொடுத்தது. 95.

ஆவணியில் என் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நடந்தே மண்டபத்துக்குள் வந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். பந்திக்குக் கூப்பிட்டபோது பசி இல்லை என்றாள். அடுத்த பந்தியிலும் பசி இல்லை. வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்கு, சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல், ஸ்பூனால் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில்.

அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தத் தாளில் சாப்பாட்டுக்கு 10-க்கு 10. யார் துணையும் இல்லாமல் சாப்பிடுகிறாள், முழு மதிப்பெண். இடது கையால் இலையில் கை வைக்க மாட்டாள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. நாலு பேர் எதிரில் பீச்சாங்கையால் சாப்பிடுவதைவிடப் பட்டினி மேல் என்று அவள் முடிவெடுத்து எத்தனை மாதம் ஆகிறதோ. நாங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது அவள் "நீங்க துன்னுங்க, அப்புறம் நான்" என்று சொல்லிவந்ததை வழக்கமான தாய்ப்பாசம் என்று நினைத்திருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஒரு வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஊனம் என்பதை உடம்பின் கோளாறோடு நிறுத்தாமல், அந்த உடம்பால் என்ன செயல் முடிகிறது, அந்தச் செயலோடு நாலு பேர் நடுவில் கலந்துகொள்ள முடிகிறதா, சுற்றுப்புறமும் ஆளின் குணமும் அதற்கு உதவுகிறதா தடுக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. முதல் தடவை படித்தபோது அரசாணை மாதிரி இருந்தது. அம்மாவின் இலையை வைத்துப் படித்தால் புரிந்துவிடும். விரல் மடங்கவில்லை என்பது உடம்பு. ஸ்பூனால் சாப்பிடுகிறாள் என்பது செயல். பந்தியில் உட்காரவில்லை என்பது கலந்துகொள்ளல். பீச்சாங்கை என்று முகம் சுளிக்கிற நாம்தான் சுற்றுப்புறம்.

தெரபிஸ்டிடம் சொன்னோம். அவர் கேட்டது: "வீட்ல களி கிண்டுவீங்களா?"

வட ஆற்காட்டுக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா இது! சோறு விரலிடுக்கில் சிதறும், இட்லி உதிரும். கேழ்வரகுக் களி அப்படி இல்லை. மொத்தமாகக் கை நிறைய நிற்கும். நுனிவிரல் வராதவர்களும் முழுக் கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிவிடலாம். முதல் மூன்று வாரம் களி. வலது முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி. களியில் பாதி புடவையில் போனது. அப்புறம் இட்லி. பிறகு பிசைந்த தயிர்சோறு. ரசம் சோறு கடைசி. இன்றைக்கும் ரசம் முழங்கை வரைக்கும் வழிகிறது. அது எனக்கும்தான் வழிகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொன்னார். வலது கையில் அம்மாவுக்குச் சூடு சரியாகத் தெரிவதில்லை, அதனால் எந்த டம்ளரையும் முதலில் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வலது கையில் வாங்க வேண்டும். இது வேலூர் மண்ணுக்குப் பழைய பாடம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாற்று அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கைகள் கொஞ்ச நாளில் மறுபடி புண்ணாகி வந்தன. காரணம் தேடிப் போனால் சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, வலி தெரியாமல் அழுத்திச் செய்த வேலை. அறுவை செய்து தந்த கை அன்றாடத்தில் என்ன செய்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டியிருந்தது. தச்சுவேலை முதல் சாப்பாடு வரைக்கும் பழக்க வேண்டியிருந்தது. கல்லூரி வளாகத்திலேயே குடிசை போட்டு நவஜீவ நிலையம் நடத்தியது அதற்காகத்தான்.

அதே பிராண்டின் மாணவியான டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் திறந்தது. எங்கள் பக்கம் பாகாயம் என்று சொன்னாலே அது ஆஸ்பத்திரிப் பேச்சுதான். அங்கே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறச் சொல்லிக்கொடுக்கும் வழி, அந்த வழியில் தானே மாறிய ஒருவரிடமிருந்து தொடங்கியது என்பது எனக்கு இவ்வளவு வயதுக்கு அப்புறம்தான் தெரியும்.

கடைசியாகப் பீடி. முதல் நாளே தெரபிஸ்ட் கேட்டிருந்தார், கை வந்தால் முதலில் என்ன செய்ய ஆசை என்று. அம்மா, "மத்தியானத்துல பீடி சுத்துவேன்" என்றாள். நான் குறுக்கே விழுந்து, இனிமேல் அதெல்லாம் வேண்டாம், 35 வருடம் தூளில் உட்கார்ந்தது போதும் என்றேன். தெரபிஸ்டும் புகையிலைத் தூள் நல்லதில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். ஏன் பீடி, கூலிக்கா, பழக்கமா, வேறு எதுவுமா. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அம்மா எரிந்து விழுந்தாள். "எல்லாப் பொம்பளைங்களும் ரெண்டு மணிக்குத் திண்ணையில உக்காருவாளுங்க. மொறம் இல்லாம நான் அங்க போய் இன்னா பண்றது? வேடிக்கை பாக்கறதா?"

கூலி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடிந்தது. இதற்கு என்ன சொல்வது?

தெரபிஸ்ட் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். இலை நனைப்பது, வெட்டுவது, தூள் போட்டு உருட்டுவது, நூல் கட்டுவது, வாய் மடிப்பது, எண்ணிக் கட்டுவது. எதில் தூள் பறக்கும், எதற்கு நுனிவிரல் வேண்டும் என்று அம்மாவிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். எண்ணுவதற்கு இடது கை போதும், வலது கை கட்டைப் பிடித்துக்கொண்டால் சரி. அறையில் பழைய நாளிதழைச் சுருட்டிச் செய்த காகிதக் குச்சிகளை வைத்துப் பழக்கினார். 25 எண்ணி, வலது கைப் பிடியில் நிற்க வைத்து, இடது கையால் நூல் சுற்ற வேண்டும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

கார்த்திகையில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். மணி இரண்டரை இருக்கும். திண்ணையில் ஐந்து பேர். நாலு பேர் மடியில் முறம். அம்மா ஓரமாக, காற்று வருகிற பக்கம், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவர்கள் சுற்றிப் போட்ட குவியல். எதிர்வீட்டு அக்கா தன் கட்டு ஒன்றை அம்மாவின் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அம்மா அதை வலது கையில் வாங்கி, ஒரு தரம் விரலை மாற்றிப் பிடித்தாள்.

"இதுல இருபத்திநாலுதான்டி கீது."

"எண்ணித்தான் போட்டேன்கா."

"எண்ணு."

அக்கா நூலை அவிழ்த்துத் திண்ணையில் கொட்டி எண்ண ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திநாலு.